அமலம்மாள் அண்டாவுக்கு எந்தக் கோர்ட்டு?

பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், அந்த வீட்டார் பாதிரியாரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் அமலம்மாளைப் பார்க்கப் போவார்கள். பாதிரியார் நாளை மாற்றிக் கொடுப்பார். அமலம்மாள் மாற்றிக் கொடுக்கமாட்டாள். அன்றைக்கு அவளுக்கு வேறு சமையல் இருந்தால், கல்யாணத்தைத்தான் தள்ளிவைக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவள். சவேரியார் கோயில் திருவிழாவில் ஊரே கூடி உண்ணும் அசனத்துக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள், நாலு வருஷத்தில் அடுப்பு முழுவதையும் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டாள். யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். உப்பு போதுமா என்று அவள் யாரையும் கேட்டதில்லை. அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருப்பதாக அவள் வாயால் யாரும் கேட்டதும் இல்லை.

அவளிடம் ஒரு பெரிய அண்டா இருந்தது. உள்ளே ஈயம் பூசிய செம்பு அண்டா. ஒரே உலையில் இருநூறு பேருக்குச் சோறு வெந்துவிடும். பத்து வருஷச் சமையல் கூலியில் நாகப்பட்டினத்திலிருந்து வரவழைத்தது. விளிம்பில் தன் பேரை வெட்டச் சொல்லியிருந்தாள். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அந்த அண்டா இருந்ததால்தான் ஐந்நூறு பேர் கல்யாணத்துக்கெல்லாம் அவளால் வாக்குக் கொடுக்க முடிந்தது. சின்ன அண்டாக்களில் மாற்றி மாற்றி உலை வைத்தால் முதல் பந்திக்காரன் கை கழுவிவிட்டுப் போன பிறகுதான் மூன்றாம் உலை கொதிக்கும். அப்படிச் சமைப்பவளுக்கு அடுத்த கல்யாணம் வராது.

இந்த அண்டாதான் போனது. போன விதத்தைச் சொல்கிறேன்.

முந்திய வருஷம் ஆவணியில், கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோரைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில், கங்காணி பழனியப்பன் மகளுக்குக் கல்யாணம். சமையல் அமலம்மாள். பந்தி முடிந்ததும் அவளும் உதவிக்கு வந்த பெண்களும் ரயிலேறிவிட்டார்கள். பாத்திரம் பண்டங்களைக் கழுவி ஏற்றிக்கொண்டு வர அவள் புருஷன் பால்ராஜ் பின்தங்கினான். மறுநாள் எல்லாம் வந்தது, பெரிய அண்டா மட்டும் வரவில்லை.

“கங்காணி அம்மன் திருவிழாவுக்கு வேணும்னு இரவல் கேட்டாரு. குடுத்துட்டு வந்தேன்” என்றான் பால்ராஜ்.

“என்னைக் கேட்டியா?” என்று ஆரம்பித்தவள் அன்று முழுக்க அவனை வறுத்தெடுத்தாள். பன்னிரண்டாம் நாள் பால்ராஜ் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். போகிற அன்றுகூட அவனோடு அவள் சரியாகப் பேசவில்லை.

கார்த்திகையில் துக்கம் கொஞ்சம் ஆறி, அண்டாவைக் கேட்கத் தோட்டத்துக்குப் போனாள். கங்காணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

“என்னம்மா இது புதுசா கேட்கிறே? உன் புருஷன் எனக்கு வித்துட்டானே. உன்கிட்ட சொல்லலையா?”

“வித்தாரா? எப்ப வித்தாரு?”

“ஆம்பிளைங்க பேசிக்கிட்டதை எல்லாம் உன்கிட்ட ஒப்பிக்கணுமா? போம்மா.”

அடுத்த மாதம் போனாள். அதற்கடுத்த மாதமும் போனாள். ஒவ்வொரு தடவையும் அதே பதில், அதே சிரிப்பு. கங்காணி பச்சைப் பொய் பேசுகிறான் என்று ஊரெல்லாம் சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள். ஆனால் உள்ளே வேறொன்று அரித்துக்கொண்டே இருந்தது. பால்ராஜ் நல்லவன்தான், ஆனாலும் கள்ளுக்கடை அவனுக்கு அந்நிய இடமில்லை. போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவன். சின்னச் சின்னப் பொய்கள் அவன் வாயில் சுலபமாக வரும். அண்டாவை விற்றுத் தின்றுவிட்டு, இரவல் என்று தன்னிடம் கதை விட்டிருப்பானோ? யோசிக்க யோசிக்க அவளுக்குச் செத்தவன் மேல் கோபம் வந்தது. அண்டா போனதைவிட அதுதான் அவளைத் தின்றது.

தை பிறந்ததும், “கேட்டது போதும், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்” என்று கிளம்பினாள்.

லைட் ஸ்திரீட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் ஹென்றி என்று ஒரு குமாஸ்தா இருந்தான். அவன் கல்யாணத்துக்கும் அவள்தான் சமைத்தாள். முப்பது வயதுக்காரன், ரொம்ப ஜாக்கிரதையானவன், மழை வருமா என்று கேட்டால்கூட இரண்டு பக்கத்தையும் சொல்லுவான். கதையைக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “வழக்கு பலமானதுதான் அக்கா. உங்க பேரே அதுல வெட்டியிருக்கு. ஆனா இந்தப் பினாங்குக் கோர்ட்டுல போட முடியாதுலா. ஆளும் இங்க இல்லை, நடந்ததும் இங்க இல்லை. தாசேக் கெலுகோர்னா புக்கிட் மெர்தாஜாம் கோர்ட்டு.”

அடுத்த வெள்ளிக்கிழமை அமலம்மாள் படகேறி, பிறையில் ரயிலேறி, புக்கிட் மெர்தாஜாம் போனாள். எந்த வேலையானாலும் அவளுக்கு வெள்ளிக்கிழமைதான் தோது. வேதக்காரர்கள் வெள்ளிக்கிழமை கறி தின்னமாட்டார்கள். கறி இல்லாமல் யாரும் விருந்து வைக்கமாட்டார்கள். ஆகவே வாரத்தில் அன்று ஒருநாள்தான் அவள் அடுப்புக்கு ஓய்வு.

அங்கே இருந்த குமாஸ்தா தோட்டத்தின் பேரைக் கேட்டார். ஒரு வரைபடத்தை விரித்தார். விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போய், ஒரு கோட்டைத் தாண்டி நிறுத்தினார்.

“இது தாசேக் கெலுகோர் இல்லைம்மா. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம். கெடா. சுல்தான் நாடு. அங்கே எங்களுக்கு அதிகாரம் கிடையாது.”

“அய்யா, தபால் வர்றது தாசேக் கெலுகோருக்கு. ரயிலை விட்டு இறங்குறது தாசேக் கெலுகோர். பாசார் தாசேக் கெலுகோர். அங்க இருக்கிற அத்தனை பேரும் தாசேக் கெலுகோர்னுதான் சொல்றாங்க!”

“சொல்லுவாங்க. கல் அங்கேதானே நிக்குது?”

நின்றது. அமலம்மாளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தோட்டத்துக்குப் போகிற வழியில் அந்தக் கல் மேல் உட்கார்ந்து அவள் இரண்டு தடவை வெற்றிலை போட்டிருக்கிறாள். ஒரு பாதி பிரிட்டிஷ்காரனிடமும் மறு பாதி சுல்தானிடமும் உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போது யார் கண்டது?

சரி, கெடா என்றால் கெடா. சுங்கை பட்டாணியில் கோர்ட்டு இருப்பதாகச் சொன்னார்கள். மறு வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் போய் இறங்கினாள். கோர்ட்டு வாசல் பூட்டிக் கிடந்தது. காவல்காரர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். குளித்து, புதுச் சாரோங் கட்டி, தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துப் பாவமாகச் சொன்னார்: “இன்னைக்கு ஜுமாஅத் லா, மக்சிக். துத்துப்.”

ஜுமாஅத் என்றால் வெள்ளி, துத்துப் என்றால் அடைப்பு. கெடாவில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. பினாங்கில் ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறவனைப் பார்த்து நாம் என்ன நினைப்போமோ, அதையேதான் அந்தக் காவல்காரரும் நினைத்திருப்பார். தன் ஓய்வு நாள் இன்னொருவருக்கும் ஓய்வு நாளாக இருக்கக்கூடும் என்று முப்பத்து மூன்று வருஷம் இந்த நாட்டில் இருந்தும் அவளுக்குத் தோன்றவில்லை. ரயில் வர மூன்று மணி நேரம் இருந்தது. மூன்று மணி நேரமும் அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தாள். நடு நடுவே ரயிலையும்.

விடுகிறவளா? ஒரு சமையலை விட்டுவிட்டு அடுத்த வாரம் சனிக்கிழமை போனாள். கோர்ட்டு திறந்திருந்தது. மனு எழுதுகிறவர் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார். இது இந்தக் கோர்ட்டு வழக்குதான், சந்தேகமே இல்லை என்றார். அவளுக்கு மனசு குளிர்ந்தது. பிறகு அவர் நாள்காட்டியைப் பார்த்தார். இன்னும் சில நாளில் நோன்பு தொடங்குகிறது. விசாரணை பெருநாள் கழித்துத்தான் வரும். மார்ச் கடைசி ஆகிவிடும்.

அந்த வருஷம் முஸ்லிம்களின் நோன்பும் வேதக்காரர்களின் தவக்காலமும் ஒரே நாளில் தொடங்கின. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஆகவே காத்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள். ஈஸ்டர் முடிந்த மறுநாள் திங்கட்கிழமைக்கு ஐந்நூறு பேர் சமையல் ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தாள். அதற்குள் அண்டா வந்தால் போதும். பெருநாள் கழித்து வந்து மனுவைப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மார்ச் முதல் வாரத்தில் காஜா மொய்தீன் வீடு தேடி வந்தார். துறைமுகத்தில் தொங்கான் என்கிற சரக்குப் படகு ஒன்றைச் சொந்தமாக வைத்து, கப்பல் பயணிகளின் மூட்டை முடிச்சுகளைக் கப்பலுக்கு ஏற்றுகிறவர். பால்ராஜுக்கு நெடுநாள் கூட்டாளி.

“அமலம்மா, உனக்கு ஒரு சேதி. அந்தப் பழனியப்பன் கங்காணி இன்னைக்கு வந்து சாமான் ஏத்த என் தொங்கானைப் பேசிட்டுப் போறாரு. பதினஞ்சாம் தேதி, வியாழக்கிழமை, நாகப்பட்டினம் கப்பல். குடும்பத்தோட ஊருக்கே போறாராம். இனி வரமாட்டாராம். சாமான்ல பெரிய அண்டா ஒண்ணு இருக்குன்னாரு.”

வியாழக்கிழமை பதினைந்து. கெடா கோர்ட்டு திறந்து அவள் வழக்கை எடுப்பதற்குள் அண்டா கடலைத் தாண்டி, ஊர் போய்ச் சேர்ந்து, கங்காணி வீட்டுக் கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருக்கும்.

அவள் நேராக லைட் ஸ்திரீட்டுக்குப் போனாள். ஹென்றி சேதியைக் கேட்டு உச்சுக் கொட்டினான். “என்ன செய்றது அக்கா. உரிய கோர்ட்டு கெடாதான். அதுல மாற்றமே இல்லை.”

“தம்பி, உச்சுக் கொட்டுறதை நிறுத்து. எனக்கு ஒண்ணு சொல்லு. இது என் வழக்கு, இது என் வழக்கு இல்லைன்னு ஒரு கோர்ட்டு எதைப் பாத்துச் சொல்லுது?”

“எதிராளி எங்க இருக்காருன்னு பார்ப்பாங்க. இல்லேன்னா, வழக்குக்குக் காரணமான காரியம் எங்க நடந்துச்சுன்னு பார்ப்பாங்க.”

“என் வழக்குல அது என்ன காரியம்? இரவல் குடுத்ததா?”

“இல்லை அக்கா. இரவல் குடுத்ததுல தப்பு ஒண்ணும் இல்லையே. வச்சிருந்ததுகூடத் தப்பில்லை. நீங்க கேட்டீங்க பாருங்க, அவர் தரமாட்டேன்னாரு பாருங்க, அதுதான் தப்பு. கேட்ட இடமும் மறுத்த இடமும்தான் கணக்கு. நீங்க மூணு தடவையும் தோட்டத்துல போய்த்தானே கேட்டீங்க?”

அமலம்மாள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் துறைமுகத்தைப் பார்த்தாள்.

“தம்பி, கப்பலேற அவன் எந்த வழியா வரணும்?”

“பினாங்கு வழியாத்தான். வேற வழி ஏது?”

“ஆளும் வருவான், அண்டாவும் வரும். இல்லையா? அப்ப நான் இங்க வச்சு ஒரு தடவை கேட்டா?”

ஹென்றி பேனாவை மேசையில் வைத்துவிட்டான்.

“அவன் குடுத்துட்டா அண்டா எனக்கு. குடுக்கமாட்டேன்னா வழக்கு எனக்கு. ரெண்டுல எதுடா எனக்கு நஷ்டம்?”

“இருங்க அக்கா, இருங்க. முதல்லயே கெடாவுல மறுத்தாச்சு, இது புது மறுப்பு இல்லைன்னு அவர் தரப்புல சொல்லலாம்…”

“சொல்லட்டும். வந்து சொல்லட்டும். அதுக்கு அவன் இந்தக் கோர்ட்டுக்கு வரணும் இல்லே?”

ஹென்றி உள்ளே போய் வக்கீல் துரையிடம் சொன்னான். வக்கீல் துரை வாய்விட்டுச் சிரித்தது வெளியே கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, பிராதை இப்போதே எழுதிவை, கேட்ட இடத்தையும் நேரத்தையும் மட்டும் வெற்றாக விடு என்றார். அண்டாவைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்று தடுக்கும் உத்தரவுக்கும் ஒரு மனு தயாரானது.

வெளியே வந்த ஹென்றி ஜாக்கிரதை சொன்னான். “தரையில வச்சே கேட்டுடுங்க அக்கா. படகுல, கப்பல்லன்னு போனா அது எந்த எல்லைன்னு வாதம் வளரும். சாட்சி வேணும். கேள்வி தெளிவா இருக்கணும், பதிலும் தெளிவா இருக்கணும். நீங்க கத்தக் கூடாது. ஒருவேளை அவர் வாயே திறக்கலைன்னா?”

“யாரு, பழனியப்பனா? வாயைத் திறக்கமாட்டானா?” என்றாள் அமலம்மாள். அதற்குமேல் அவள் விளக்கவில்லை.

பதினைந்தாம் தேதி காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தில் நல்ல கூட்டம். நாகப்பட்டினம் கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நின்றது. கங்காணி சரிகைத் தலைப்பாகையும் கோட்டும் குடையுமாக வந்து இறங்கினார். பின்னால் மனைவி, மக்கள், பெட்டிகள். எல்லாவற்றுக்கும் பின்னால், கழியில் கோத்து இரண்டு பேர் தூக்கிவர, கோணிச் சாக்கில் சுற்றித் தைத்த அண்டா. உள்ளே துணிமணிகளை அடைத்து வைத்திருந்தார்கள். எத்தனை சாக்கில் சுற்றினாலும் அந்த வயிற்றை அவளுக்குத் தெரியாதா?

காஜா மொய்தீன் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொங்கானில் இறக்கினார். அண்டாவை மட்டும், “பெரிய சாமான், கடைசியில ஏத்துவோம்” என்று கரையிலேயே வைத்தார். ஐந்தடி தள்ளி ஹென்றி பென்சிலோடு நின்றான். அவன் முகத்தைப் பார்த்தால் அவன்தான் திருடியவன் போல் இருந்தது.

அமலம்மாள் வெளுத்த சேலை கட்டி வந்திருந்தாள். கங்காணி முன்னால் போய் நின்றாள்.

“கும்பிடுறேன் கங்காணி. என் அண்டாவைக் குடுத்துடுங்க.”

கங்காணி திடுக்கிட்டார், பிறகு சிரித்தார். “இங்கேயும் வந்துட்டியா? போம்மா, போ. பயணம் போறவன்கிட்ட வம்பு வச்சுக்காதே.”

ஹென்றி தலையை ஆட்டினான். இது போதாது.

“வம்பு இல்லைங்க. இது என் அண்டா. இந்த இடத்துல, இப்ப, குடுத்துடுங்கன்னு கேட்கிறேன்.”

கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தார். பயணிகள் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். அமலம்மாளுக்கு நாக்கு நுனியில் நாற்பது வார்த்தை நின்றது. நாற்பதையும் விழுங்கினாள். அவள் வாழ்க்கையில் விழுங்கியதிலேயே கடினமான கவளம் அதுதான்.

“மூணாந்தரம் கேட்கிறேன் கங்காணி. குடுப்பீங்களா, மாட்டீங்களா? இத்தனை பேர் பாக்குறாங்க. உங்களுக்குப் பதில் சொல்லத் தைரியம் இல்லைன்னா விடுங்க, நான் போறேன்.”

அது போதுமாக இருந்தது. இருபது வருஷம் நூறு பேரை அதட்டி வேலை வாங்கிய மனுஷன். தைரியம் இல்லை என்று ஒரு சமையல்காரி கூட்டத்தில் வைத்துச் சொல்வதா?

“தரமாட்டேன்! உன் புருஷன் வித்துட்ட பொருளை எதுக்கு நான் தரணும்? இங்கேயும் சொல்றேன், எங்கே வேணும்னாலும் வந்து சொல்றேன். தர முடியாது! போ!”

“ரொம்ப நல்லதுங்க” என்றாள் அமலம்மாள்.

“எட்டு இருபது” என்று முணுமுணுத்துக்கொண்டு ஹென்றி எழுதினான். எழுதி முடித்ததும் ஓடினான். ஹென்றி ஓடுவதைப் பினாங்கு அன்றுதான் பார்த்தது. அமலம்மாள் அண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள். கங்காணி ஏற்று ஏற்று என்று கத்தினார். தொங்கான் நிறைந்துவிட்டது, ஒரு நடை போய் வந்து ஏற்றுகிறேன் என்று காஜா மொய்தீன் துடுப்பை எடுத்தார்.

பத்தரை மணிக்குக் கோர்ட்டுச் சேவகர் உத்தரவோடு வந்தார். அண்டா கப்பலேறக் கூடாது. எதிராளிக்கு ஆட்சேபம் இருந்தால், நாலு மணிக்குக் கப்பல் போவதால், இப்போதே வந்து சொல்லலாம்.

கங்காணிக்கு முகம் வெளுத்தது. அப்போது பயணிகளில் ஒருவர், விஷயம் தெரிந்தவர் போல, அவரைத் தனியே அழைத்துக் காதில் ஓதினார். “பயப்படாதீங்க. எல்லாமே கெடாவுல நடந்தது, பினாங்குல ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்லுங்க. இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லைன்னு பத்து நிமிஷத்துல தள்ளிடுவாங்க.” கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

மாஜிஸ்திரேட் துரை வெள்ளைக்காரர், வயதானவர், பேச்சைக் குறைத்துக் கேட்பவர். துபாசி கார்த்திகேசு, யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாற்றிச் சொல்வதில் பேர் பெற்றவர். காஜா மொய்தீன் முதலில் சாட்சி சொன்னார்: “நோன்பு வாயால சொல்றேன், கேட்டதும் கரையில, மறுத்ததும் கரையில, நான் பக்கத்துல நின்னேன்.”

பிறகு கங்காணி. “துரை, இது பினாங்கு வழக்கே இல்லை. நான் குடியிருந்தது கெடா. இந்த அம்மா மூணு தடவை வந்து கேட்டது கெடா. நான் தரமாட்டேன்னு சொன்னதும் கெடா.”

துரை குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “இந்தப் பெண்ணின் கணவன் விற்றான் என்று துறைமுகத்தில் சொன்னாயாம். அவன் பினாங்கில் குடியிருந்தவன். அப்படியானால் விலை பேசியதும் விற்றதும் பினாங்கில்தானே?”

கங்காணிக்குத் திக்கென்றது. பினாங்கு என்ற சொல் தன் கதையில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டால் கப்பல் போய்விடும் என்று மட்டும்தான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவசர அவசரமாக இரண்டு கையையும் ஆட்டினார்.

“இல்லை துரை, இல்லவே இல்லை! பினாங்குல ஒரு வார்த்தைகூடப் பேசலை. எல்லாம் தோட்டத்துலதான். கல்யாணத்துக்கு மறுநாள், அடுப்படியில, அவன் பாத்திரம் ஏத்திக்கிட்டு இருந்தான். அம்மன் திருவிழா வரைக்கும் இது இங்க இருக்கட்டும், அப்புறம் அனுப்பிடுறேன்னு நான்தான் கேட்டேன். சரின்னான். அவ்வளவுதான் பேச்சு. அதுக்கப்புறம் அவன் முகத்தைக்கூட நான் பார்க்கலை!”

கார்த்திகேசு வாயைத் திறந்தவர் ஒரு நொடி நின்றார். பிறகு வழக்கம் போலவே, கூட்டாமல் குறைக்காமல், இங்கிலீஷில் சொன்னார்.

துரை பேனாவை நிறுத்தினார். “அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவே இல்லையா?”

“பார்க்கவே இல்லை துரை. சத்தியமா.”

“அப்படியானால் எப்போது வாங்கினாய்?”

கங்காணி திறந்த வாயை மூடவில்லை. கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள், சேவகர் அதட்டினார். துரை நிதானமாகச் சொன்னார்: ஆள் இங்கே இருக்கிறான், பொருள் இங்கே இருக்கிறது, இன்று காலை இந்தத் துறையில் வைத்துக் கேட்டதற்கு இந்தத் துறையிலேயே மறுத்திருக்கிறான். இது இந்தக் கோர்ட்டுக்கு உரிய வழக்குதான். இரவல் என்று அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். அண்டா இந்தப் பெண்ணுக்கு. நீ போய்க் கப்பலைப் பிடி.

ஹென்றி திரும்பி அமலம்மாளைப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருப்பாள், குறைந்தது நான் சொல்லவில்லையா என்றாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். பால்ராஜ் செத்த அன்றுகூட அவள் இப்படி அழுது யாரும் பார்த்ததில்லை.

“என்னம்மா, வழக்கு உங்கட பக்கம்தானே தீர்ந்தது? ஏன் அழுகிறீர்கள்?” என்று கார்த்திகேசு மெதுவாகக் கேட்டார்.

“அவர் விக்கலைங்கய்யா” என்றாள். “என்கிட்ட சொன்னதேதான் நடந்திருக்கு. ஒரு சொல் பொய் இல்லை.”

வெளியே வெயில் கொளுத்தியது. துறைமுகத்தில் காஜா மொய்தீன் கோணியைப் பிரித்து, கங்காணி வீட்டுத் துணிகளை எடுத்து ஒரு பாயில் கட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒரு வண்டி பிடித்துப் போனால் ஏற்றிவிடலாம் என்று ஹென்றி சொன்னான்.

“நீ போய் ஏத்திக்கிட்டு வந்துடு தம்பி. நான் சவேரியார் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்.”

“இந்த நேரத்துலயா? சாமியார் சாப்பிட உட்கார்ந்திருப்பாரு அக்கா.”

“உட்கார்ந்திருந்தா எழுந்திருக்கட்டும்” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “என் புருஷனுக்கு நாப்பதாம் நாள் பூசை வச்சதோட சரி. அப்புறம் இந்தக் கங்காணிப் பாவி, அவர் வித்துட்டாருன்னு சொன்னான். அந்தக் கோபத்துல, கல்லறைத் திருநாள் மாசத்துல அவர் ஆத்துமாவுக்குக் கேட்டு வச்சிருந்த பூசையைக்கூட வேண்டாம்னு சொல்லிட்டேன் தம்பி. அவர் பேரை எழுதியிருந்த சீட்டை நானே வாங்கிக் கிழிச்சேன்.”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லைட் ஸ்திரீட் வெயிலில், ரிக்ஷா கூடக் கூப்பிடாமல், வேகமாக நடந்து போய்விட்டாள்.